ஓர் ஆளுக்கு இரண்டு இடம்

செம்பியன் ஆசிரியர் தம் துணைவியாரைக் கேட்டார். எண்ணி என்ற பொறி அவருக்குக் கைவிலங்கை அனுப்பிவைத்தது.

காலை எட்டு மணி. பள்ளிக்குக் கிளம்புகிற நேரம். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. அந்த நேரத்தில் எந்தக் கணவரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கூரையைப் பார்த்து, "துணைவியார் எங்கே?" என்றார். சுவரில், கேட்ட பண்டத்தைத் தள்ளும் பண்டவாய் திறந்தது. பளபளவென்று ஒரு ஜோடி விலங்கு வந்து விழுந்தது. சாவியும் கூடவே வந்தது.

அதை ஒரு விரலில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் ஹபீபாவின் பட்டறைக்குப் போனார். குடியிருப்பை மூடிய அந்தக் கவிகையில் எந்தப் பொறி கோளாறு செய்தாலும் ஹபீபாதான் பார்ப்பாள். காயல்பட்டினத்துக்காரி, ஐம்பது வயது. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சார், எண்ணிக்குத் தெரிஞ்ச ஸ்பானிய மொழியில எஸ்போசான்னா மனைவி. எஸ்போசாஸ்னா மனைவிமார். அந்த எஸ்போசாஸுக்கே கைவிலங்குன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. உங்களுக்கு ஏழெட்டு மனைவி இருக்கிறதா அதுக்குத் தெரியாது. கிட்டங்கியில எது இருந்துச்சோ அதைக் கொடுத்திருச்சு."

"நான் ஒருத்தியைத்தானே அம்மா கேட்டேன்?"

"ஒருத்தியைக் கேக்கலியே. துணைவி-யார்-னு கேட்டீங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி எண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், சிக்கலான விஷயம் இல்லை.

செவ்வாயில் அந்தக் கவிகையைக் கட்டியவர்கள் தென்னமெரிக்காக்காரர்கள். ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். கட்டி, பத்து வருஷம் குடியிருந்து, பிறகு தெற்கே பெரிய கவிகைக்குப் போய்விட்டார்கள். காலியான இடத்துக்கு வந்தவர்கள் நம்மவர்கள், நாற்பத்துநான்கு பேர். உணவு, தண்ணீர், காற்று, கதவு எல்லாம் எண்ணியின் பொறுப்பு. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே அதனால் பங்கிட முடியும்? ஆனால் மனிதரின் உடம்பைக் கருவி வைத்துப் பார்க்கவோ அளக்கவோ கூடாது என்று அந்தக் காலத்தில் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய தலைமுறை அதனால் பட்டபாடு அப்படி. காற்றில் விடும் மூச்சை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், பாசித் தொட்டிகளும் மூச்சு விடுகின்றன. புளித்த மாவும் விடுகிறது. அதனால் எண்ணிக்கு ஒரே வழிதான் மிச்சம். மனிதர்கள் பேசுவதைக் கேட்டு, அதை அப்படியே நம்புவது.

கூரையெங்கும் அதன் செவிகள். காதில் விழும் தமிழை உடனே ஸ்பானியமாக்கிக்கொள்ளும். ஸ்பானியத்தில் பெயர்ச்சொல் ஒன்றா, ஒன்றுக்கு மேலா என்பதில் மயக்கமே இருக்காது. உயிரொலியில் முடிந்தால் 'ஸ்' சேரும். மெய்யில் முடிந்தால் 'எஸ்' சேரும். எண் சொல்லாமல் பன்மை மட்டும் வந்தால் எண்ணி அதை இரண்டு என்று எடுத்துக்கொள்ளும். பன்மையில் மிகச் சிறியது இரண்டுதானே.

வந்த புதிதில் எல்லாரும் தவித்துப்போனார்கள். "முட்டை கொடு" என்றால் ஒரே ஒரு முட்டை வரும். "இட்லி வை" என்றால் தட்டின் நடுவில் ஓர் இட்லி. பசித்த வயிறு இலக்கணத்தைச் சீக்கிரம் படித்துக்கொள்ளும். ஆறே மாதத்தில் குழந்தைகள்கூட "இட்லிகள், வடைகள், அப்பளங்கள்" என்று பேசப் பழகின. விளக்குக்கு அந்த மொழியில் லூஸ், விளக்குகளுக்கு லூசெஸ், எழுதும்போது கடைசி எழுத்தே மாறிவிடும் என்று ஹபீபா ஒருநாள் சொன்னபோது, "இங்க லூசுக்கா பஞ்சம்?" என்று தலைவர் மாசானமுத்து கேட்டார். அந்த வாரம் முழுக்க ஒருவரையொருவர் விளக்கு என்று திட்டிக்கொண்டார்கள்.

பண்டங்களுக்குக் 'கள்' போடப் பழகியவர்கள், தாங்கள் ஆட்களுக்குப் போடும் 'கள்'ளை யோசித்தே பார்க்கவில்லை.

கைவிலங்கு வந்த அதே நாள் மத்தியானம், பாசித் தொட்டியில் வேலை செய்யும் ஜெசிந்தா பட்டறைக்கு ஓடிவந்தாள். தூத்துக்குடிக் கடற்கரைப் பெண். ஹபீபாவை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"ராத்தா, இதைப் பாருங்களேன்."

கையில் எண்ணியின் சீட்டு. 'கொண்டல்' என்ற கப்பல் பத்தாம் நாள் வருகிறது. அதில் பதினான்கு பேர். கவிகையின் கொள்ளளவு அறுபது. தற்போது இருப்பவர்கள் அறுபது. இடமில்லை, கப்பல் திரும்ப வேண்டும்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் ஜெசிந்தாவின் கணவர் லூர்துராஜ். நான்கு வருஷமாகப் பிரிந்திருக்கிறார்கள். இந்தக் கப்பல் திரும்பினால் அடுத்தது இருபத்தாறு மாதம் கழித்து. அதிலும் அவருக்கு இடம் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது.

"நாப்பத்திநாலு பேருதானே இருக்கோம்?" என்றாள் ஜெசிந்தா. "மிச்சம் பதினாறு பேரு யாரு ராத்தா? எங்க ஒளிஞ்சிருக்காவ?"

ஹபீபா மேசைமேல் கிடந்த விலங்கைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஒளியல புள்ள. நம்ம வாயிலதான் இருக்காங்க. தலைவரை நாம எப்படிச் சொல்றோம்?"

"தலைவர் அவர்கள்னு."

"அது காதுல ஹெஃபேஸ். தலைவர்கள். ரெண்டு பேர். செம்பியன் சார் வந்தாங்கன்னா ப்ரொஃபெசோரெஸ். அங்கயும் ரெண்டு. யாரையெல்லாம் நாம மதிக்கிறோமோ அவங்களுக்கெல்லாம் இது ரெண்டு இடம் போட்டு வச்சிருக்கு."

"அப்ப எனக்கு?"

"உன்னை எல்லாரும் வா போன்னுதானே சொல்றாங்க. உனக்கு ஒண்ணுதான்."

எண்ணியின் மூளை முத்திரையிட்டு மூடப்பட்டது. திறந்து திருத்த முடியாது. ஆனால் அதன் நூல்களைப் படித்து ஹபீபா இரண்டு விதிகள் தெரிந்துவைத்திருந்தாள். ஒரு பன்மையைக் கேட்டால் எண்ணி அதை ஏழு நாள் நினைவில் வைத்திருக்கும். ஏழு நாள் கேட்காவிட்டால் மறந்துவிடும். அல்லது, அந்த ஆளைக் கூப்பிடுகிறவரே 'இல்லை' என்று சொன்னால் அந்த நொடியே அழித்துவிடும். ஆனால் தலைவர் இல்லை என்று சொன்னால் அவருக்கு ஓர் இடம்கூட இல்லாமல் போகும். அவர் அறைக் கதவே திறக்காது. ஆகவே ஏழு நாள் வழிதான்.

உணவுக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கவிகையில் இருக்கும் எல்லாரும் எல்லாரையும் இன்றுமுதல் ஒருமையில் பேச வேண்டும் என்று ஹபீபா சொன்னதும் ஒரே இரைச்சல்.

மாசானமுத்து எழுந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர். அவர் நடந்துவந்தாலே நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அது அவருக்குப் பிடிக்கும். "என்னையுமா?"

"உங்களைத்தான் முதல்ல."

"இவன் சொல்லுவான், மாசானமுத்து வந்தான் போனான்னு? நேத்து முளைச்ச பய?" என்று முன்வரிசைப் பையன் ஒருவனைக் காட்டினார்.

ஜெசிந்தா எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். "தலைவரே, பதினாலு பேரு வழியில வந்துட்டிருக்காங்க. நீங்க ரெண்டு ஆளா இருந்தா அதுல ஒருத்தர் திரும்பணும். யாரைத் திருப்பச் சொல்லுதீக?"

மாசானமுத்து தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். பிறகு, "சரி. நான் ஒரு ஆளுதான். எல்லாவனும் கேட்டுக்கோங்கல" என்று சொல்லி உட்கார்ந்தார்.

முதல் இரண்டு நாள் வேடிக்கையாகத்தான் போயிற்று. மருமகள்கள் மாமியார்களை "ஏ, இங்க வா" என்றார்கள். சில பேர் தேவைக்கு அதிகமாகவே கூப்பிட்டார்கள். பள்ளியில் பிள்ளைகள், "செம்பியா, எனக்கு இந்தக் கணக்கு புரியல" என்றன. செம்பியன், வேறு வழியில்லாமல், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மனைவியை "வடிவு" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வடிவு அந்தச் சந்தோஷம் தாங்காமல் உணவுக்கூடத்துக்கு ஓடிப்போய், "அவரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு!" என்று கத்திவிட்டாள். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நல்லவேளை, அது முதல் நாள். பத்தாம் நாளுக்குள் மறந்துவிடும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. ஒருமையில் பேசுவது வாய்க்குப் பழகிவிட்டது. இனி இந்தக் கதையிலும் அப்படித்தான்.

ஒன்பதாம் நாள் காலை ஹபீபா எண்ணியிடம் தொகை கேட்டாள். நாற்பத்தேழு.

பதினான்கு பேர் வர நாற்பத்தாறு வேண்டும். ஒன்றே ஒன்று இடிக்கிறது.

"நாப்பத்திநாலுக்கு மேல மூணு யாரு?" என்று மாசானமுத்து சத்தம் போட்டான். "எவன்ல என்னை அவர்னு சொன்னது?"

"உன்னை யாரும் சொல்லலை, உட்காரு" என்றாள் ஹபீபா. அறை வாரியாகப் பெயர்ப்பட்டியலை முதல் தடவையாக முழுக்க இழுத்துப் பார்த்தாள். மேலிருந்து கீழே விரல் போய்க்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் நின்றது. "தியோஸ்னு ஒண்ணு இருக்கு."

"ஸ்ல முடியுதே, அது ரெண்டா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"இல்லை. அது ஒருமைதான். கடவுள். பன்மைன்னா தியோசெஸ் ஆகியிருக்கும். நாம அவரேன்னு கூப்பிட்டாலும், நீரேன்னு கூப்பிட்டாலும் மாறாம இந்த ஒரு சொல்லை மட்டும் கட்டினவங்க முதல்லயே பூட்டி வச்சிருக்காங்க. தினமும் நாம அவன்கிட்டப் பேசறோம் இல்லையா? கூட இருக்கான்னு இது எழுதிக்கிச்சு. எல்லாருக்கும் பொதுவான ஆளு, யாரு இல்லைன்னு சொன்னாலும் அழிச்சிரும்."

ஓர் இடம் வேண்டும். ஆனால் இந்த ஆளை யார் வெளியே அனுப்புவது?

செம்பியன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அவன் பகுத்தறிவுக்காரன், இதை எத்தனையோ மேடைகளில் சும்மாவே சொன்னவன். இன்றைக்கு ஒரு பயனுக்காகச் சொல்லப்போகிறான். கூரையைப் பார்த்துக் கணீரென்று, "கடவுள் இல்லை" என்றான்.

நாற்பத்தாறு.

கைதட்டலில் கூடம் அதிர்ந்தது. மாசானமுத்து செம்பியனைக் கட்டிக்கொண்டான். கையோடு விபூதியை எடுத்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டான். ஜெசிந்தா அறைக்குப் போய், இருக்கிற ஒரே நல்ல சேலையை எடுத்து நீவி வைத்தாள்.

பத்தாம் நாள் காலை ஹபீபா தொகை கேட்டபோது மீண்டும் நாற்பத்தேழு.

"யாரு கும்பிட்டது?" என்று கேட்டாள்.

ஜெசிந்தா தலையைக் குனிந்தாள். "நான்தான். எப்படியாவது அவுகளை இறக்கிவிடு சாமின்னு."

"நானும்தான் தொழுதேன்" என்றாள் ஹபீபா. அதற்குமேல் யாரையும் யாரும் கேட்கவில்லை. செம்பியன் இன்னொரு தடவை சொல்லத் தயாராக இருந்தான். ஆனால் பிரயோசனமில்லை. கப்பல் இறங்கி முடிய மூன்று மணி நேரமாகும். அந்த மூன்று மணி நேரமும் நாற்பது வாயில் ஒரு வாயாவது "கடவுளே" என்று சொல்லாமல் இருக்குமா?

ஹபீபா எல்லாரையும் அனுப்பிவிட்டு ஜெசிந்தாவை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

"அந்த ஒண்ணு போக இன்னும் ரெண்டு இருக்குல்ல. நேத்தே பார்த்துட்டேன். சொல்ல மனசு வரலை. பத்தொன்பதாம் அறை."

"என் அறையா? நான் ஒருத்திதானே இருக்கேன்."

"மரிதோஸ்னு எழுதியிருக்கு. மரிதோன்னா கணவன். ஸ் சேர்ந்து கணவன்மார், ரெண்டு பேர். தினமும் காலையில நீ யார்கிட்டப் பேசறே?"

ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. சுவரில் லூர்துராஜின் படம் மாட்டியிருக்கிறாள். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அதைப் பார்த்து, "போயிட்டு வாரேங்க" என்பாள். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், "நீங்களும் சாப்பிடுங்க" என்பாள். ஊரெல்லாம் ஒருமைக்கு மாறிய இந்தப் பத்து நாளும் இதை மட்டும் அவள் மாற்றவில்லை. படத்தோடு பேசுவது பேச்சு என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"அப்ப அவுக வர்றதுக்கு இடமில்லாம அடைச்சிட்டு இருக்கிறது..."

"அவன்தான். ரெண்டு ஆளா."

"இங்க இல்லைன்னு சொல்லிரட்டுமா?"

"இங்க இல்லைன்னா வெளிய வேலைக்குப் போயிருக்கான்னு நினைச்சு இடத்தை வச்சிருக்கும். அவுக இல்லைன்னாலும் அப்படித்தான். ஒருமையில, உறவு முறையைச் சொல்லி, வெட்டிச் சொல்லணும். நான் சொன்னா எடுத்துக்காது. உன் வாயாலதான் வரணும்."

"எப்படிச் சொல்லணும்?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே அது தெரிந்துவிட்டது. ஜெசிந்தாவின் கை தானாகப் போய்க் கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டது. அவள் ஊரில் அந்த வாக்கியத்தை ஒரு பெண் எப்போது சொல்வாள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவள் அம்மா ஒரு புயலுக்கு மறுநாள் சொன்னாள். அவள் சித்தி ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் அவர்கள் இருவரும் கலர்ச் சேலை உடுத்தவே இல்லை.

"உசுரோட இருக்கிற மனுஷன், ராத்தா. தலைக்கு மேல வந்து நிக்கிறாக."

"தெரியும்."

"ஏதாவது ஆயிட்டா?"

"இது கணக்கு பாக்கிற பொறி புள்ள. எமன் இல்லை."

ஜெசிந்தா பத்தொன்பதாம் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவைத்தாள். பிறகு கூரையைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குப் புருஷன் இல்லை."

பட்டறையில் எண் நாற்பத்தைந்தாக மாறியது.

மத்தியானம் கப்பல் இறங்கியது. பதினான்கு பேரும் ஒவ்வொருவராகக் கதவில் நின்றார்கள். உள்ளே இருக்கும் ஒருவர் இன்னார் என்று சொன்னால்தான் கதவு விடும். லூர்துராஜ் கடைசி. மெலிந்திருந்தான். தாடி வைத்திருந்தான். நான்கு வருஷம் படத்தில் இல்லாத நரை ஒன்று காதோரம் இருந்தது. ஜெசிந்தாவின் வாய் திறந்தது, 'வாங்க' என்று நாக்குவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"இவன் என் புருஷன்" என்றாள் கூரையிடம். கதவு திறந்தது. அவனிடம், "வாடா" என்றாள்.

லூர்துராஜ் அப்படியே நின்றான். பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில் கேட்காத சொல். சுற்றி நின்ற ஐம்பது பேரையும் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஜெசி, அவ்வளவு கோவமா?" என்றான்.

மறுவாரமே கணக்கைப் பார்த்தார்கள். ஆட்கள் ஐம்பத்தெட்டு. கும்பிடுகிறவர்கள் புண்ணியத்தில் தியோஸ் ஒன்று. மொத்தம் ஐம்பத்தொன்பது. மிச்சம் ஓர் இடம். அதாவது, ஐம்பத்தெட்டுப் பேர் வாழும் கவிகையில், ஒரு நேரத்தில் ஒரே ஒருவரைத்தான் மரியாதையாகப் பேச முடியும். பேசினால் ஏழு நாளைக்கு அந்த இடம் அவருடையது.

அந்த இடம் யாருக்கு என்று ஒரு மாதம் சண்டை. தலைவனுக்கு என்றார்கள் சிலர். வயதில் மூத்தவளுக்கு என்றார்கள் சிலர். மூன்று பிள்ளை பெற்றவளுக்கு என்றாள் வடிவு. கடைசியில் மாசானமுத்துதான் முடித்துவைத்தான். வாரம் ஒருவர் முறை. முறை யாருடையதோ அவர் தமக்கு விருப்பமான ஒருவரை அந்த வாரம் பன்மையில் பேசலாம். மற்றவர்கள் வாயை அடக்க வேண்டும். சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். ஜெசிந்தாவுக்குக் கடைசிக்கு முந்தின சீட்டு விழுந்தது.

வாரங்கள் போயின. முதலில் ஒவ்வொரு திங்களும் உணவுக்கூடத்தில் கூட்டம் கூடும், யார் யாரை மதிக்கப்போகிறார்கள் என்று பார்க்க. பிறகு கூட்டம் குறைந்தது. பிறகு சில பேர் தங்கள் முறை வந்ததையே மறந்து போனார்கள். ஜெசிந்தா மறக்கவில்லை. ஓர் ஆண்டுக்கும் மேலாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய வாரம் வந்த திங்கட்கிழமை, லூர்துராஜ் வேலை முடிந்து அறைக்கு வரும் நேரத்துக்கு அந்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

அவன் நடைவழியில் வந்தான். கையில் கருவிப் பை. அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"வாங்க" என்றாள் ஜெசிந்தா.

லூர்துராஜ் நின்று, கூட யார் வருகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.